என் வீட்டுக்காரரைக் கடலில் கரைக்கப் போன கதை

போன வாரம் என் மாமியார் வளர்த்த எருமையைப் பத்தி எழுதினதுல இருந்து என் நாத்தனார் குப்பம்மா என்கிட்ட சரியா பேசறதில்ல. "எங்கம்மாவைப் பத்தி எழுதப் போறேன்னு சொல்லிட்டு, எருமைக்கு நாலு பக்கம், எங்கம்மாவுக்கு நாலு வரியா அண்ணி?"ன்னு கேட்டுட்டு போனை வெச்சுட்டா. இந்த வாரம் அவ அண்ணன் முறை. இதுக்கப்புறம் சுத்தமா பேச்சு இருக்காதுன்னு நெனைக்கிறேன்.

அவ அண்ணன்னா என் வீட்டுக்காரர். பேரு ஏழுமலை. புருஷன் பேரைச் சொல்லக் கூடாதுன்னுதான் எங்கம்மா சொல்லிக் கொடுத்தாங்க. எழுதக் கூடாதுன்னு சொல்லல.

அவர் போய்ச் சேர்ந்த மறுநாள். பட்டாபிராம்ல எங்க தெருவை அடைச்சு ஷாமியானா போட்டிருந்தாங்க. சுடுகாட்டுல பால் தெளிச்சு, அஸ்தியைப் பானையில வாங்கி, பானை வாயில சிவப்புத் துணி கட்டி எடுத்துட்டு வந்துட்டான் என் பையன் பாஸ்கர். அஸ்தி வீட்டுக்குள்ள வரக் கூடாது. அதனால பின்பக்கம் முருங்கை மரத்துல கட்டித் தொங்க விட்டாங்க. முருங்கைக் கிளை எப்ப வேணா முறியுமே, அப்பா கீழ விழுந்துடுவாரேன்னு என் பொண்ணு கவிதா ஒரு பக்கம் அழுதா. போன உயிருக்கு அழறதா, பானைக்கு அழறதான்னு அவளுக்கே தெரியல.

அப்பதான் ஒரு வேன்ல இருந்து அந்தப் பெரிய மனுஷங்க இறங்கினாங்க. அவர்கூட நேவியில இருந்தவங்க. ஆவடி, அம்பத்தூர் பக்கம் வீடு கட்டி செட்டிலானவங்க. எல்லாருக்கும் எழுபது இருக்கும். நீலக் கோட்டு, நெஞ்சுல மெடல், கிட்ட வந்தா பாச்சை உருண்டை வாசனை. கோட்டு தைச்சப்ப இருந்த வயிறு வேற, இப்ப இருக்கிற வயிறு வேற. ஒருத்தரும் பட்டன் போடல.

நேரா பின்பக்கம் போய் முருங்கை மரத்துக்கு முன்னாடி வரிசையா நின்னு சல்யூட் அடிச்சாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க மொட்டை மாடியில ஏறி நின்னு பார்த்தாங்க.

அவங்களுக்குத் தலைவர் மாதிரி செல்லதுரை அண்ணன். நாகர்கோவில்காரர், அம்பத்தூர்ல வீடு. "தங்கச்சி, காசிமேட்டுல போட் சொல்லியாச்சு. நாளைக்கு நடுக்கடல்ல கொண்டு போய், முழு மரியாதையோட கரைக்கிறோம். மாலுமிக்குக் கடல்தான் வீடு"ன்னாரு. பாஸ்கருக்கு அழுகையும் பெருமையும் ஒண்ணா வந்துடுச்சு. அவர் கையைப் பிடிச்சுக்கிட்டான்.

வேணாம்னு சொல்ல வாயைத் திறந்தேன். ஆனா புருஷன் போன மறுநாள் பொம்பளை பேச்சை யாரு கேக்குறாங்க? காபி குடிக்கிறியா, கொஞ்சம் படுக்கிறியான்னுதான் கேட்டாங்க. என் மனசுல இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். எந்தக் கடல்கிட்ட இருந்து அந்த மனுஷன் தப்பிச்சு ஓடி வந்தாரோ, அதே கடல்ல அவரை நானே கொண்டு போய் விடறதா?

இதைப் புரிஞ்சுக்கணும்னா பழைய கதைக்குக் கொஞ்சம் போகணும்.

கடல் எப்படி இருக்கும்?

கல்யாணம் ஆன புதுசுல எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். நேவிக்காரரைக் கட்டியிருக்கேன், கடல்ல எல்லாம் சுத்தியிருப்பாரு, கேப்போம்னு, "ஏங்க, நடுக்கடல் எப்படிங்க இருக்கும்?"னு கேட்டேன்.

ரொம்ப நேரம் யோசிச்சாரு. அப்புறம், "சூடா இருக்கும்"னாரு.

அவருக்கு வேலை எஞ்சின் ரூம்ல. கப்பலோட அடி வயித்துல. வெளிச்சம் கிடையாது, காத்து கிடையாது, எண்ணெய் நாத்தம், காது செவிடாகுற சத்தம், உடம்பெல்லாம் வேர்க்குரு. கடல் அந்தப் பக்கம், இரும்புத் தகடுக்கு வெளியில. பதினஞ்சு வருஷம் கடல்ல இருந்தவரு, அதைக் கண்ணால பார்த்தது ரொம்பக் கம்மி. மேல வந்து நின்னா தூக்கம் வருமாம், போய்ப் படுத்துடுவாராம். இந்த மனுஷனைத்தான் ஊர்ல எல்லாரும் கடலையே அளந்தவர்னு நெனைச்சுக்கிட்டு இருந்தாங்க. அவரும் இல்லன்னு சொல்ல மாட்டாரு.

வருஷத்துக்கு ஒருக்கா லீவுல வருவாரு. கறுப்பு டிரங்குப் பெட்டி, ஒரு மூட்டை துவைக்காத துணி. வந்து நாலு நாள் தூங்குவாரு. அஞ்சாவது நாள்தான் மனுஷனா எழுந்திருப்பாரு. எங்க மாமனார் வீடு அப்ப வயக்காட்டு வீடு. சுத்தி நெல்லு. வீடு இதேதான், அந்த வயல்லதான் இப்ப நாலு மாடி ஃப்ளாட்டு நிக்குது. லீவு முடியுறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அவருக்குச் சோறு இறங்காது. ஆம்பளை அழக் கூடாதுல்ல, அதனால வயிறு சரியில்லன்னு சொல்லிக்கிட்டு பம்பு செட்டுல போய் உக்காந்துக்குவாரு.

அப்படி ஒரு லீவு. பாஸ்கருக்கு அஞ்சு வயசு. அப்பா வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். நான் காபி போட்டு, "அப்பாவுக்குக் கொண்டு போய்க் குடுடா"ன்னு சொன்னேன். எங்க வீட்டுல விருந்தாளி வந்தா மட்டும் எடுக்கிற பூப்போட்ட டம்ளர் ஒண்ணு இருந்துச்சு. பையன் ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டுல இருந்து அதை எடுத்து, கழுவி, அதுல ஊத்திக் கொண்டு போய்க் குடுத்தான். அதோட நிறுத்தியிருந்தா பரவாயில்ல. "உக்காருங்க, நின்னுகினே குடிக்காதீங்க"ன்னு மரியாதையா வேற சொன்னான்.

வந்தவங்ககிட்ட அப்படிப் பேசணும்னு நான் கத்துக் கொடுத்ததுதான். இவர் அந்தக் காபியைக் குடிச்சாரு. டம்ளரை அவர் கையாலயே கழுவி வெச்சாரு. சாயங்காலம் வந்து என்கிட்ட சொன்னாரு: "சரோஜா, இந்தத் தவணை சர்வீஸ் முடிஞ்சா வந்துடறேன். அதுக்கு அப்புறம் ஒரு ராத்திரி கூட வெளிய தங்க மாட்டேன்."

புருஷன்மார் சொல்ற எத்தனையோ மாதிரி இதுவும்னு நெனைச்சேன். ஆனா இது நிஜமாவே நடந்துச்சு. பென்ஷன் வாங்கிக்கிட்டு வந்தாரு, ஆவடி ஃபாக்டரியில வேலைக்குச் சேர்ந்தாரு. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அந்த மனுஷன் ஒரு ராத்திரி கூட வேற கூரைக்குக் கீழ தூங்கல.

நனை, மூடு, தேய், திற

வீட்டுல இருக்கேன்னு சொல்லிட்டாரே, பெரிய வரம்னு நெனைக்காதீங்க. முழு நேரமும் ஆம்பளை வீட்டுல இருந்தா என்ன ஆகும்னு எனக்குத்தான் தெரியும்.

முதல்ல தண்ணி. கப்பல்ல நல்ல தண்ணி கம்மியாம். அதனால குளிக்கிறதுக்கு ஒரு முறை வெச்சிருந்தாரு. உடம்பை நனை, குழாயை மூடு, சோப்பு தேய், குழாயைத் திற. பாத்ரூம் கதவுக்கு வெளிய நின்னு இந்த நாலையும் வரிசையா சத்தம் போடுவாரு. நான் புது மருமகளா வந்தப்ப கூட அவ்வளவு கூச்சப்பட்டதில்ல. தெருவுல போறவங்களுக்கு, இப்ப நான் சோப்பு போடுறேனா, அலசுறேனான்னு தெரியும். அப்புறம் ஒரு கோடையில ஊரே லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்னுச்சு. எங்க வீட்டுல மட்டும் டிரம்மு நிறைய தண்ணி. அன்னையில இருந்து அவர் குரல் இன்னும் ஒரு கட்டை ஏறிடுச்சு.

ரெண்டாவது, கவிதாவோட ஜடை. பொண்ணுக்கு நான்தான் பின்னி விடுவேன்னு அடம். இத்தனை வருஷம் விட்டதை எல்லாம் ஒரே ஜடையில பிடிக்கணும்னு நெனைச்சாரோ என்னவோ. கயிறு முடியுற பழக்கம் கையில இருக்குல்ல, ரிப்பனைப் போட்டு ஒரு முடிச்சு போட்டாரு பாருங்க, சாயங்காலம் அவராலயே அவிழ்க்க முடியல. கத்தரிக்கோல் வெச்சுத்தான் எடுத்தோம். ரிப்பனோட கொஞ்சம் முடியும் போச்சு. ஸ்கூல்ல டீச்சர் மட்டும், உங்க அப்பா பின்னின ஜடை ஸ்போர்ட்ஸ் டே முழுக்கக் கலையலன்னு பாராட்டினாங்களாம். அதை வருஷக்கணக்குல சொல்லிக்கிட்டு இருந்தாரு.

மூணாவது, ஞாயித்துக்கிழமை சமையல். மனுஷனுக்குக் கொஞ்சமா சமைக்கத் தெரியாது. உப்புமா கிண்டினார்னா தெருவுக்கே வரும். திங்கக்கிழமை காலையில நாய் கூட எங்க வீட்டுப் பக்கம் வராது.

இத்தனையும் சொல்றேனே, எனக்கு டைஃபாய்டு வந்து கிடந்தப்ப, அந்த மனுஷன் என் தலையைப் பிடிச்சு வாந்தி எடுக்க வெச்சு, துடைச்சு, என் துணியைத் துவைச்சு, கொடியில காயப் போட்டாரு. ஆம்பளை பொம்பளை பொடவையைத் துவைக்கிறாரேன்னு எங்க மாமியார் மூக்குல விரல் வெச்சாங்க. இவர் பொடவையை உதறி, நாலு மூலையையும் சரி பார்த்து, சுருக்கம் இல்லாம காயப் போட்டுட்டு உள்ள வந்தாரு.

பொண்ணோட அப்பன் ஓடிட்டான்

அவர் வாக்கை அவர் எவ்வளவு தூரம் காப்பாத்தினார்னு சொல்லணும்னா, கவிதா கல்யாணத்தைச் சொன்னா போதும்.

பூந்தமல்லியில மண்டபம். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடியக்காலையில முகூர்த்தம். எல்லாரும் மண்டபத்துலயே ஜமுக்காளம் விரிச்சுப் படுத்தாச்சு. இவர் சத்தமில்லாம ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு பட்டாபிராம் வந்து, பூட்டைத் திறந்து, அவர் கட்டில்ல படுத்துத் தூங்கிட்டாரு. என்கிட்ட கூட சொல்லல. சொன்னா நான் விட மாட்டேன்னு தெரியும்.

முகூர்த்தம் நெருங்குது, கன்னிகாதானம் பண்ண அப்பாவைக் காணோம். மாப்பிள்ளையோட மாமா ஒருத்தர் ஏற்கனவே சாப்பாட்டுல குத்தம் கண்டுபிடிச்சிட்டு இருந்தவரு. அவர்தான் ஆரம்பிச்சது. "பொண்ணோட அப்பன் ஓடிட்டான் போலக்கீதே"ன்னு. அது சமையக்கட்டு வரைக்கும் போயி, அங்க இருந்து மாப்பிள்ளை ரூமுக்குப் போறதுக்குள்ள, ஃபாக்டரியில ஏதோ தப்பு பண்ணிட்டாராம், போலீஸ் தேடுதாம்னு ஆயிடுச்சு.

இவர் என்னமோ சீக்கிரமாத்தான் கிளம்பியிருக்காரு. ஆனா பட்டாபிராம் ரயில்வே கேட்டு மூடியிருக்கு. அப்ப மேம்பாலம் எல்லாம் கிடையாது. மிலிட்டரி சைடிங் லைனுக்குப் போற கூட்ஸ் வண்டி ஒண்ணு குறுக்க நின்னுடுச்சு. பட்டு வேட்டி சட்டையோட, ஸ்கூட்டரை இந்தப் பக்கம் போட்டுட்டு, வண்டிக்கு அடியில பூந்து அந்தப் பக்கம் வந்து, பால் வண்டிக்காரரைக் கெஞ்சி, கேனுக்கு நடுவுல உக்காந்து மண்டபத்துக்கு வந்தாரு. வேட்டி முழுக்க கிரீஸு. அந்தக் கிரீஸு வேட்டியோடதான் பொண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தாரு. போட்டோவுல இன்னும் இருக்கு.

நான் மூணு நாள் அவர்கிட்ட பேசல. நாலாவது நாள், "அப்படி என்னங்க வீட்டுல இருக்கு?"ன்னு கேட்டேன். "தெரியல சரோஜா. வெளிய படுத்தா காதுல எஞ்சின் சத்தம் கேக்குது"ன்னாரு.

பேரப் பசங்க வந்தா பீச்சுக்குக் கூட்டிட்டுப் போவாரு. பசங்க அலையில ஆடும். இவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, ரோட்டுல போற பஸ்ஸைப் பார்த்துக்கிட்டு சுண்டல் சாப்பிடுவாரு.

கடைசியில ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப கூட, இன்னைக்கு ராத்திரி இங்கதான்னு டாக்டர் சொன்னதும் கையெழுத்துப் போட்டுட்டு வேட்டியைக் கட்டிக்கிட்டு ஆட்டோ பிடிச்சு வந்துட்டாரு. வீட்டுல ரசம் சோறு சாப்பிட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு காலையில, நான் தோசைக்கல்லைப் போடுறதுக்குள்ள போயிட்டாரு. ஆஸ்பத்திரியில இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் உயிரோட இருந்திருப்பாரோன்னு எனக்கு இப்பவும் தோணும். அதை நெனைச்சா இப்பவும் அழுகை வரும்.

போட்டுக்குள்ள ஒரு கேள்வி

இப்ப காசிமேட்டுக்கு வருவோம்.

பொம்பளைங்க வரக் கூடாதுன்னு குப்பம்மா சொன்னா. "நீ பார்த்துக்கினே இரு, நான் வரேன்"னு சொல்லிட்டு வேன்ல ஏறி உக்காந்துட்டேன். பானையை வாங்கி மடியில வெச்சுக்கிட்டேன். பாஸ்கர் கேட்டான், குடுக்கல.

மீன் பிடிக்கிற போட்டு. ஏறின உடனே மீன் நாத்தம். நேவிக்கார அண்ணனுங்க எல்லாரும் கோட்டு மெடலோட வரிசையா நின்னாங்க. துறைமுகத்தைத் தாண்டுற வரைக்கும்தான் அந்த வரிசை. அப்புறம் போட்டு ஆட ஆரம்பிச்சுது. இவங்க எல்லாம் பெரிய கப்பல்ல போனவங்க. இந்தச் சின்னப் போட்டு ஆட்டம் அவங்களுக்குப் பழக்கமில்ல. ஒருத்தர் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. இன்னொருத்தர் பக்கவாட்டுல குனிஞ்சு காலையில சாப்பிட்ட இட்லியைக் கடலுக்குக் கொடுத்தாரு. போட்டு ஓட்டுறவர் சிரிப்பை அடக்க முடியாம அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

நடுவுல போட்டை நிறுத்தினாங்க. அப்பதான் எந்தப் பக்கம் கொட்டுறதுன்னு சண்டை. காத்து வர்ற பக்கம் கொட்டினா சாம்பல் திரும்பி நம்ம மூஞ்சிக்குத்தான் வரும்னு ஒருத்தர். காத்து அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்னு இன்னொருத்தர். செல்லதுரை அண்ணன் விரலை எச்சில் பண்ணித் தூக்கிப் பார்த்தாரு. பாஸ்கர் போனை எடுத்து வீடியோவுக்கு ரெடியா நின்னான்.

நான் பானையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தண்ணியைப் பார்த்தேன். கன்னங்கரேல்னு இருந்துச்சு. என் மடியில இருந்த பானை லேசா சூடா இருக்கிற மாதிரி எனக்கு ஒரு நெனைப்பு. வெயில்தான்னு தெரியும். ஆனாலும் கை விடல.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா?"ன்னேன். எல்லாரும் சண்டையை நிறுத்தினாங்க. "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா, உங்களையும் இங்கதான் கொண்டு வந்து விடச் சொல்லியிருக்கீங்களா?"

செல்லதுரை அண்ணன் தொப்பியைக் கழட்டினாரு. "இல்ல தங்கச்சி. என் வீட்டுக்காரிய அம்பத்தூர்ல அடக்கம் பண்ணியிருக்கு. அவ பக்கத்துலயே எனக்கும் இடம் சொல்லி வெச்சிருக்கேன்"னாரு. இட்லியை விட்டவர், நிமிராமலே, "எனக்குக் கடலே வேணாம்மா"ன்னாரு. மத்தவங்க கோட்டு பட்டனைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க.

"அப்ப இவரை மட்டும் ஏண்ணே இங்க தனியா விட்டுட்டுப் போறீங்க?"

பாஸ்கர் என் பக்கத்துல வந்து உக்காந்தான். "அம்மா, அப்பா நேவிம்மா. இதுதாம்மா அவருக்கு மரியாதை"ன்னான். நான் அவன்கிட்ட கோவப்படல. அவன் முகத்துல அவங்கப்பா ஜாடை அப்படியே இருந்துச்சு.

"நம்மளோட இருக்கணும்னுதான்டா உங்கப்பா இதை விட்டுட்டு வந்தாரு"ன்னு மட்டும் சொன்னேன்.

அவன் பானையைப் பார்த்தான். போனைச் சட்டைப் பையில போட்டான். மூக்கை உறிஞ்சிக்கிட்டு எழுந்து, போட்டு ஓட்டுறவர்கிட்ட, "அண்ணே, திருப்புங்க. வீட்டுக்குப் போலாம்"னான்.

போட்டுக்காரர் என்னையும் பானையையும் மாறி மாறிப் பார்த்தாரு. "இத்தினி வருசமா நானும் ஓட்டிக்கினு கீறேன், ரிட்டர்ன் எடுத்துகினு போறவங்கள இப்பத்தான்மா பாக்குறேன்"னாரு.

கரையில நான் பானையோட இறங்குறப்ப, செல்லதுரை அண்ணன் பையில இருந்து ஒரு வெள்ளி விசிலை எடுத்து வாயில வெச்சாரு. பெரிய ஆபீஸருங்க கப்பலை விட்டு இறங்குறப்ப ஊதுற விசிலாம் அது. எஞ்சின் ரூம்காரனுக்கு எவனும் ஊத மாட்டானாம். அவருக்கு மூச்சு பத்தல, சத்தத்தை விட எச்சில்தான் ஜாஸ்தி வந்துச்சு. ஆனாலும் நான் கடைசிப் படியில கால் வைக்கிற வரைக்கும் நிறுத்தல. ஐஸ் தூக்கிட்டுப் போனவங்க எல்லாம் நின்னு பார்த்தாங்க. நான் அன்னைக்குத்தான் முதல் தடவையா வாய் விட்டு அழுதேன்.

வந்து சேர்ந்தோம்

வேன்ல பாடி, அம்பத்தூர், ஆவடின்னு வந்தோம். டிராஃபிக்ல நின்னு நின்னு வந்தோம். இறங்க வேண்டிய அண்ணனுங்க யாரும் அவங்க அவங்க வீட்டுல இறங்கல. பட்டாபிராம் வரைக்கும் வந்தாங்க.

பாஸ்கர் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல குழி தோண்டினான். மத்தியான வெயில்ல கோட்டைக் கழட்டி வெச்சுட்டு அண்ணனுங்களும் மாத்தி மாத்தித் தோண்டினாங்க. கவிதா பால் ஊத்தினா. நான் பானையை இறக்கினேன். மண்ணைத் தள்ளி, நானே காலால மிதிச்சு இறுக்கினேன்.

அதுவரைக்கும் வாயில பொடவைத் தலைப்பை வெச்சுக்கிட்டு நின்ன குப்பம்மாவுக்கு அதுக்கு மேல தாங்கல. ஊர்ல எவனாவது செய்வானா, சாஸ்திரம் இன்னா ஆறதுன்னு ஒரு மூச்சு கத்தினா. அப்புறம் என் கையைப் பிடிச்சு, நெஜமாவே பயந்து போய்ச் சொன்னா.

"அண்ணி, சாம்பலை ஊட்டுல பொதைச்சா ஆவி எங்கயும் போவாது. எங்கண்ணன் இந்த ஊட்டையே சுத்திகினு கெடக்கும்."

"கெடக்கட்டும் குப்பு"ன்னேன். "அதுக்குத்தான் கூட்டிகினு வந்தேன்."